மின்னறிவும் எழுத்தறிவே

எழுத்தறிந்தவர் என்று நாம் யாரைச் சொல்கிறோம்? தம் பெயரை எழுதவும், செய்தித்தாளைப் படிக்கவும், வந்த மடலுக்கு விடை வரையவும் வல்லவரைச் சொல்கிறோம். ஒரு காலத்துக்கு இந்த இலக்கணம் போதுமானதாக இருந்தது. இன்றோ, பட்டம் பெற்ற ஒருவருக்குத் தம் வீட்டுச் சுவரில் உள்ள மின்சார மீட்டரைப் படிக்கத் தெரிவதில்லை. யூனிட் என்றால் என்ன என்று வகுப்பறையில் வினவிப் பார்ப்பதுண்டு. மாணவருள் பெரும்பாலோர் அது கட்டணத்தின் பெயர் என்றே எண்ணியிருக்கின்றனர். பிளக்கில் மூன்றாவது முள் எதற்கு என்று கேட்டால் அவையில் அமைதி நிலவுகிறது. விளக்கு முதல் குடிநீர் வரை அனைத்துக்கும் மின்சாரத்தையே நம்பி வாழும் நாம், அதைப் பற்றி ஏதும் அறியாமல் வாழ்வதும் ஒருவகைக் கல்லாமையே என்பது என் கருத்து.

இஃது இயற்பியல் துறையின் பணி. தமிழ்த்துறை மலரில் இதற்கென்ன இடம் என்று கேட்பார் இருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் மின்சாரத்தைக் கற்பிப்பது இயற்பியலாரின் பணியே. ஆயின், கல்லூரி வாயிலை மிதியாத தாய்க்கும், முந்திரித் தோப்பில் பாடுபடும் உழவருக்கும், கடைத்தெருவில் தள்ளுவண்டி வைத்திருப்பவருக்கும் அதைப் புரியும் மொழியில் கொண்டு சேர்ப்பது மொழி கற்றவரின் கடமையன்றோ? நம் மின்னியல் அறியாமை உயிரையும் நிலத்தையும் பொருளையும் விலையாகக் கேட்கிறது. ஆகவேதான் இம்மலரில் இதைப் பேச விரும்புகிறேன்.

பெயரும் பொருளும்

மேனாட்டார் மின்சாரத்துக்கு வைத்த பெயர், அம்பர் எனப்படும் இறுகிய பிசினுக்குக் கிரேக்கர் வழங்கிய பெயரிலிருந்து பிறந்தது. அம்பரைக் கம்பளியில் தேய்த்தால் அது துரும்பை இழுக்கும். அந்த இழுப்பைக் கண்டவர்கள் அதன் பெயரையே ஆற்றலுக்கும் சூட்டினர். தமிழரோ வானத்து மின்னலைக் குறித்த ‘மின்’ என்னும் பழஞ்சொல்லை எடுத்து இவ்வாற்றலுக்கு வைத்தனர். மேகத்தில் ஒளிரும் மின்னலும், தேய்த்த பொருளில் தோன்றும் பொறியும் ஒன்றே என்பது 1752-ஆம் ஆண்டில் பிராங்கிளின் பெயரோடு இணைந்த ஆய்வுகளால் உறுதியாயிற்று. நம் சொல் அந்த உண்மையைத் தன்னுள் வைத்திருக்கிறது.

நல்ல பெயர் கிடைத்ததோடு நம் பணி முடிந்துவிடவில்லை. மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை என்று பாடநூல்கள் அழகிய சொற்களைத் தருகின்றன. வீதியில் வோல்டேஜ், கரண்ட் என்ற சொற்களே வழங்குகின்றன. எச்சொல்லை ஆள்வது என்ற வழக்கில் நாம் காட்டும் ஆர்வத்தை, அச்சொல் சுட்டும் பொருளை விளக்குவதில் காட்டுவதில்லை.

மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகம் நீருக்கு உண்டு. அந்த உயரம் போன்றது வோல்ட் என்னும் மின்னழுத்தம். குழாயில் ஒரு நொடியில் ஓடும் நீரின் அளவைப் போன்றது ஆம்பியர் என்னும் மின்னோட்டம். குழாயின் குறுக்கம் போன்றது மின்தடை. அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கினால் வருவது வாட் என்னும் திறன். இவ்வளவையும் விளக்கப் பத்து மணித்துளி போதும்.

நம் அண்டையில் பிறந்த ஒளி

திருவதிகைவாசிகளாகிய நாம் மின்சாரத்தை அறியாதிருப்பது மற்றவர் அறியாதிருப்பதைவிடப் பெரிய குறை. பண்ருட்டியிலிருந்து பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் நெய்வேலி வந்துவிடும். அங்கே 1930-களில் தம் நிலத்தில் கிணறு வெட்டிய ஜம்புலிங்க முதலியார், மண்ணோடு வெளிவந்த கருநிறப் பொருளைக் கண்டு அரசின் கவனத்துக்குக் கொண்டு சென்றார் என்பது அவ்வட்டாரம் போற்றும் வரலாறு. 1956 நவம்பரில் நெய்வேலி நிறுவனம் உருவாயிற்று. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரிப் படிவம் வெளிப்பட்டது. சோவியத் நாட்டின் உதவியோடு எழுந்த முதல் அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. 600 மெகாவாட் திறனுக்கு வளர்ந்த அந்நிலையம் 2020 செப்டம்பரில் ஓய்வு பெற்றது. அதன்பின் வந்த இரண்டாம் நிலையத்தின் திறன் 1,470 மெகாவாட்; அண்மையில் எழுந்த புதிய நிலையத்தின் திறன் 1,000 மெகாவாட்.

அங்கே நடப்பது யாது? நிலக்கரியை எரித்து நீரை ஆவியாக்குகின்றனர். அழுத்தம் மிகுந்த ஆவி டர்பைனின் இதழ்களைத் தள்ளி, அதனை நிமிடத்துக்கு 3,000 முறை சுழலச் செய்கிறது. டர்பைனோடு சேர்ந்து சுழலும் காந்தம், தன்னைச் சூழ்ந்த செம்புக் கம்பிச் சுருள்களில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. காந்தமும் கம்பிச் சுருளும் ஒன்றையொன்று கடந்து அசைந்தால் மின்சாரம் பிறக்கும் என்று 1831-இல் மைக்கேல் பாரடே கண்ட உண்மையே இதன் அடிப்படை. மேட்டூரில் அக்காந்தத்தைச் சுழற்றுவது காவிரி நீர், முப்பந்தலில் காற்று, கூடங்குளத்தில் அணுவின் வெப்பம் தரும் ஆவி. கதிரொளித் தகடு ஒன்றே சுழற்சியின்றி மின்சாரம் தருவது.

பிறந்த மின்சாரம் நெடுந்தொலைவு செல்ல வேண்டும். மின்னோட்டம் மிகுந்தால் கம்பி சூடேறி ஆற்றல் வீணாகும். ஆகவே மின்மாற்றியைக் கொண்டு அழுத்தத்தைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தி ஓட்டத்தைக் குறைத்து அனுப்புகின்றனர். 4 லட்சம் வோல்ட்டில் புறப்படுவது படிப்படியாகத் தாழ்ந்து, நம் தெருமுனை மின்மாற்றிக்கு 11,000 வோல்ட்டில் வந்து, நம் வீட்டுக்குள் 230 வோல்ட்டில் நுழைகிறது.

நெய்வேலிக்கு அண்மையில்தான் வடலூர் இருக்கிறது. வள்ளலார் 1867-இல் அங்கே மூட்டிய அடுப்பு பசித்தவர்க்காக இன்றும் அணையாது எரிகிறது. நெய்வேலியின் கொதிகலன்களும் இரவு பகலாக எரிகின்றன. அணையா அடுப்பில் ஆக்கிய சோற்றில் ஒரு பருக்கையையும் வீணாக்க நம் மனம் ஒப்பாது. கொதிகலனில் பிறந்த மின்சாரத்தை வீணாக்கும்போது அம்மனம் எங்கே போகிறது?

ஒரு யூனிட்டின் விலை

ஆயிரம் வாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாவது ஒரு யூனிட். நூறு வாட் கருவியானால் பத்து மணி நேரத்துக்கு ஒரு யூனிட். இக்கணக்குத் தெரிந்தால் மின்கட்டணச் சீட்டு புதிராக இராது. 75 வாட் மின்விசிறி நாள்தோறும் 12 மணி நேரம் சுழன்றால் இரண்டு மாதத்தில் 54 யூனிட் செலவாகும். இப்போது கிடைக்கும் 30 வாட் விசிறி அதே வேலையை 22 யூனிட்டுக்குள் முடிக்கும். பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. விளக்குத் தருகிறது. 2,000 வாட் வெந்நீர்க் கருவி கால் மணி நேரத்தில் அரை யூனிட்டை விழுங்குகிறது. பார்ப்பவர் எவருமின்றிப் பத்து வாட் இழுத்துக்கொண்டிருக்கும் தொலைக்காட்சிச் செட்டாப் பெட்டி இரண்டு மாதத்தில் 14 யூனிட்டைத் தீர்த்துவிடுகிறது. மேற்படிக்குச் செல்லச் செல்ல ஒவ்வொரு யூனிட்டின் கட்டணமும் உயர்வதால், இச்சிறு கணக்குகளே ஏழைக் குடும்பத்தின் பெரிய கணக்குகள்.

ரூபாயில் எழுதப்படாத விலை ஒன்றும் உண்டு. நெய்வேலி நிலக்கரியில் ஏறத்தாழப் பாதி ஈரம். ஆதலின் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறக்குறைய ஒரு கிலோ நிலக்கரி எரிய வேண்டும். ஒரு டன் நிலக்கரியை எட்ட, ஐந்து கன மீட்டருக்கும் மேற்பட்ட மண்ணை அகழ்ந்து அப்புறப்படுத்த வேண்டும். படிவத்துக்குக் கீழே பெரும் அழுத்தத்துடன் நிலத்தடி நீர் நிற்கிறது. அது பீறிட்டுச் சுரங்கத்தை மூழ்கடிக்காதிருக்க ஓயாமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் வீட்டு மின்சாரம் முழுவதும் நெய்வேலியினது அன்று. பல நிலையங்களின் ஆற்றல் ஒரே கட்டமைப்பில் கலந்து வருகிறது. எனினும் கணக்குப் புரிவதற்காக எண்ணிப் பாருங்கள்: நெய்வேலிக் கரியைக் கொண்டே அந்தப் பழைய மின்விசிறியைச் சுழற்றுவதாயின், இரண்டு மாதத்துக்கு 50 கிலோவுக்கு மேல் கரியும், அதை எடுக்கப் பெயர்த்த ஏறத்தாழ 300 லிட்டர் கொள்ளளவு மண்ணும் கணக்கில் வரும்.

அந்த மண் யாரோ உழுத மண். நெய்வேலிக்காக ஊர்கள் பெயர்ந்தன. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர் வேறிடம் சென்றனர். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக, பசுமை மாறாத நெற்பயிருக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கிய காட்சியை நாடே கண்டது. 2020 மே, ஜூலை மாதங்களில் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடிப்புகளில் தொழிலாளர் பலர் மாண்டனர். மின்சாரம் வேண்டாமென்று சொல்ல நம்மில் யாருக்கும் உரிமையில்லை; நாம் அனைவரும் அதன் பயனாளிகள். ஆள் இல்லாத அறையில் சுழலும் விசிறியை நிறுத்தாமல் நெய்வேலி உழவருக்காக இரங்கிப் பேசுவது மட்டும் நேர்மையாகாது.

வீட்டு வேலைக்காரனும் ஊர்க் காவலனும்

மின்சாரத்தின் பயன்களைப் பட்டியலிடத் தேவையில்லை. ஆட்டுக்கல்லோடும் அம்மியோடும் தாய்மார் கழித்த நேரத்தைக் கிரைண்டரும் மிக்சியும் மிச்சப்படுத்தின. 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தால் அவை விலையின்றிக் குடிசைக்குள்ளும் நுழைந்தன. 1989–90 ஆண்டுகளில் உழவர் அனைவருக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. கமலையேற்றம் மறைந்து பம்புசெட் நிலைத்தது. 2016-இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் 100 யூனிட் வரை கட்டணம் நீங்கியது. இவையெல்லாம் ஏழைக்குக் கிடைத்த நீதி. ஆயின் இலவசமாக வருவதை அளக்காமல் விட்ட பழக்கமும் உடன் வந்தது. இறைத்துக்கொண்டேயிருந்த கிணறுகள் பல இடங்களில் வற்றின.

மின்சாரத்தின் அருமையை நம் மாவட்டத்துக்குப் புயல் கற்பித்தது. 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல், பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் முறிந்தன. சிற்றூர்கள் பல நாள், சில இடங்களில் பல வாரம், இருளில் கிடந்தன. அப்போது மக்கள் முதலில் தேடியது விளக்கை அன்று, தண்ணீரை. மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏற்றுவது மின்சாரம் என்பதை அன்று குழந்தையும் அறிந்தது. வாடகை ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்று தொட்டி நிரப்பினர். பிற மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரிய ஊழியர்கள் சேற்றில் நின்று கம்பம் நட்டனர். விளக்கெரியும் நாளில் அவர்களை நினைப்பார் அரியர்.

மூன்றாவது முள்

இனி உயிரைப் பற்றிய பேச்சுக்கு வருவோம். மின்கம்பியில் காக்கை அமர்ந்திருக்கிறது. அதற்கு ஒன்றும் ஆவதில்லை. மின்னோட்டம் புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப வழி வேண்டும். காக்கை ஒரே கம்பியைப் பற்றியிருப்பதால் அதன் உடல் வழியாகாது. தரையில் நிற்கும் மனிதன் அக்கம்பியைத் தொட்டால், அவன் உடலே நிலத்துக்குச் செல்லும் வழியாகிவிடுகிறது. ஈரமான உடலில் அவ்வழி இன்னும் எளிது.

உயிரைப் பறிக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும்? ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் முப்பது பங்கு உடலில் சற்றே நீடித்தாலும் ஆபத்து. நம் வீட்டு ஒன்பது வாட் விளக்கின் வழியே ஓடுவது ஏறத்தாழ நாற்பது பங்கு. அறையின் மிகச் சிறிய விளக்கை எரிக்கும் மின்னோட்டமே மனிதனுக்கு ஊறு செய்யப் போதுமானது. ‘சின்ன வயர்தானே’ என்ற அலட்சியம் எவ்வளவு பேதைமை என்பது இதனால் விளங்கும்.

இதிலிருந்து காப்பது எர்த் எனப்படும் நில இணைப்பு. பிளக்கின் மூன்றாவது முள் மற்றவற்றைவிட நீளமாக இருப்பது, அது முதலில் இணைந்து கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காக. கிரைண்டரின் உலோக உடம்பில் மின்சாரம் கசிந்தால், கையைத் தொட்டுச் செல்வதற்கு மாறாக இந்த எளிய வழியில் நிலத்துக்குப் போய்விடும். ஃபியூஸ் உருகி இணைப்பும் அறும். நாம் செய்வது என்ன? சுவரில் இரண்டு துளையே உள்ளதென்று மூன்றாவது முள்ளை முறித்து எறிகிறோம். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று பருத்த செம்புக் கம்பியை முறுக்கி வைக்கிறோம். காவற்காரனை விரட்டிவிட்டுக் கதவையும் திறந்து வைப்பதற்கு இது நிகர். உப்பும் கரியும் இட்டுப் புதைத்த எர்த் குழாய்க்குக் கோடையில் ஒரு குடம் நீர் வார்க்க வேண்டும். மண் காய்ந்தால் காவலும் காய்ந்துவிடும் என்பதை எத்தனை வீடுகள் அறியும்? கசிவை உணர்ந்து இமைப்பொழுதில் இணைப்பை அறுக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி இன்று கடைகளில் கிடைக்கிறது. வீட்டுவாசல் கிரில்லுக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கே அதற்கு ஆகும்.

வீட்டுக்கு வெளியிலும் இதே அறியாமை. துணி உலர்த்தும் இரும்புக் கம்பியை மின் இணைப்புக் குழாயில் கட்டுகின்றனர். உறை தேய்ந்த ஒரு மழைநாளில் அது எமனாகிறது. காட்டுப்பன்றியைத் தடுக்கத் தோட்டத்தைச் சுற்றிச் சட்டத்துக்கு மாறாக மின்சாரம் பாய்ச்சுகின்றனர். அதில் அண்டை நிலத்து உழவரும் வீழ்கின்றனர். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அத்தகைய வேலியில் மூன்று யானைகள் மாண்டன.

திருவதிகைக்கும் அப்பரடிகளுக்கும் உள்ள தொடர்பைத் தமிழ் கற்றவர் அனைவரும் அறிவர். அவ்வடிகளின் சதய விழாவிலேதான் 2022 ஏப்ரல் 27 அன்று அதிகாலை, தஞ்சையை அடுத்த களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு, சிறுவர் உட்பட 11 பேர் உயிரிழந்தனர். சந்தனக்கூடு ஊர்வலமாயினும், தேர்த் திருவிழாவாயினும், தேவாலயச் சப்பரமாயினும் மேலே செல்லும் கம்பி ஒன்றுதான். உயரழுத்தக் கம்பியைத் தொட வேண்டுவதில்லை. மிக அணுகினாலே மின்சாரம் தாவும். முன்கூட்டி மின்வாரியத்துக்குத் தெரிவித்தால் ஊர்வலம் கடக்கும் வரை அப்பாதையின் மின்சாரத்தை நிறுத்திக் கொடுப்பர். கம்பத்தில் ‘அபாயம்’ என்ற பலகையும் மண்டையோட்டுப் படமும் இருக்கின்றன. அச்சொல்லைப் படிக்கத் தெரிந்தவர் பலர். அதன் பொருளை அறிந்தவர் சிலர்.

செய்ய வேண்டுவன

மாணவச் செல்வங்களே, இதனைப் பெரிய திட்டமாக எண்ணி மலைக்க வேண்டா. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் சிற்றூர் செல்லும்போது, வீதியைப் பெருக்குவதோடு வீட்டுக்கு வீடு மீட்டர் படிக்கச் சொல்லிக் கொடுங்கள். பிளக்கின் மூன்றாவது முள் இருக்கிறதா என்று பாருங்கள். பழுது கண்டால் நீங்கள் கை வைக்காமல் உரிய மின்பணியாளரிடம் சொல்லச் செய்யுங்கள்.

தமிழ்த்துறையும் இயற்பியல் துறையும் ஒரு மேசையில் அமர்ந்து, எளிய தமிழில் பதினாறு பக்கக் கையேடு ஒன்றை எழுதலாம். கோவையில் ஜி. ஆர். தாமோதரன் 1948-இல் தொடங்கிய ‘கலைக்கதிர்’ இதழ், அறிவியலைத் தமிழில் சொல்ல இயலும் என்று பல்லாண்டு காட்டியிருக்கிறது. வழி போட்டவர்கள் முன்னே சென்றிருக்க, நடப்பதற்கு நாம் தயங்குவது ஏன்? அரசர் மெய்க்கீர்த்தியை விளக்கும் தேர்வுத்தாளில், ஒரு மின்கட்டணச் சீட்டை விளக்குக என்ற வினாவும் இடம்பெற்றால் தமிழுக்கு இழுக்கு நேராது.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். பள்ளிவாசலாயினும் கோயிலாயினும் திருமண மண்டபமாயினும், வண்ணமடிப்பதற்கு ஆண்டுதோறும் தொகை ஒதுக்குகிறோம். ஒளூச் செய்யும் இடத்தின் ஈரத்தரைக்கு அருகே மோட்டாரும் மின்விளக்கும் இருக்கின்றன. மண்டபத்தில் குழந்தைகள் எட்டும் உயரத்தில் அலங்கார விளக்குச் சரங்கள் தொங்குகின்றன. ஆண்டுக்கொரு முறை தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு எர்த்தைச் சோதிக்க ஒரு சிறு தொகையை அவ்வரவுசெலவில் சேருங்கள். சரவிளக்கின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தாலே அத்தொகை கிடைத்துவிடும். தான் மட்டும் வெளிச்சத்தில் இருப்பதைக் காட்டிலும், தம்மை நாடி வருவோர் நலமாக வீடு திரும்புவதே சமுதாயத்துக்குப் பெருமை.

எழுத்தறிவு இயக்கம் நடந்த நாள்களில் கையொப்பமிடக் கற்ற முதியோரின் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை மூத்த ஆசிரியர்கள் நினைவுகூர்வர். தம் வீட்டு மீட்டரைத் தாமே படித்து, இம்மாதம் இவ்வளவு என்று ஒரு தாய் சொல்லும் நாளில் அதே மலர்ச்சியை நாம் காணலாம். அந்த நாளை நம் கல்லூரியைச் சுற்றியுள்ள தெருக்களிலிருந்தே தொடங்குவோம்.